யயாதியும் டார்வினும்



பட்டமளிப்பு விழாவில் பேச அழைக்கப்படுகிறவன் பெரும்பாலும் வயது முதிர்ந்தவனாக இருப்பதும், அவன் இளைஞர்களுக்கு உபதேசம் செய்வதும், அவர்கள் அதைப் பொறுமையுடன் கேட்டுக்கொண்டு மறுநாளே மறந்துவிடுவதும் நெடுங்காலமாக நடந்துவரும் சம்பிரதாயம். அந்தச் சம்பிரதாயத்தை மீற எனக்கு உத்தேசமில்லை. ஆயினும் உபதேசத்தைச் சற்றே ஒதுக்கிவிட்டு ஒரு விசாரணையை உங்கள் முன் வைக்கலாமென்று நினைக்கிறேன். முதியவர்கள் இருவர் ஒன்றுகூடினால், பென்ஷனைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசித் தீர்ந்த பிறகு, "மறுபடியும் இருபது வயது வந்தால்..." என்று ஒருவர் தொடங்குவதையும், மற்றவர் பெருமூச்சோடு தலையசைப்பதையும் நீங்கள் உங்கள் வீடுகளிலேயே கேட்டிருப்பீர்கள். அந்த வாக்கியத்தின் மிச்சப் பகுதியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே என் விசாரணை.

மறுபடியும் இளமை கிடைக்கப்பெற்று, அதைக்கொண்டு என்ன செய்தான் என்பதும் விவரமாகச் சொல்லப்பட்டிருக்கும் ஒரு முதியவனை மகாபாரதம் நமக்குக் காட்டுகிறது. மாமனாராகிய சுக்கிராசாரியரின் சாபத்தால் அகாலத்தில் மூப்படைந்த யயாதி, அந்த மூப்பை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்ற அனுமதியையும் அவரிடமே பெற்றுக்கொண்டு, தன் புதல்வர்களை ஒவ்வொருவராக அழைத்து அவர்களுடைய யௌவனத்தை யாசித்தான். மூத்தவர்கள் நால்வரும் மறுக்க, கடைக்குட்டியாகிய பூரு மட்டும் இசைந்தான். மகனிடம் வாங்கிய இளமையோடு ஆயிரம் ஆண்டு வாழ்ந்த அம்மன்னன் வேறு வகையாக என்ன செய்தான்? அரசாண்டான், வேள்விகள் செய்தான், உண்மையே. ஆனால் எந்தப் போகங்களை அனுபவித்தது போதவில்லை என்று இளமையை இரந்தானோ அவற்றையே திரும்பவும் அனுபவித்து, அப்போதும் ஆசை அடங்கக் காணாமல், மகனுக்கு உரியதை மகனிடம் ஒப்புவித்துவிட்டுக் கானகம் சென்றான். (நம் ஔவையார் கதையோ இதற்கு நேர்மாறு. மணம் பேசிய காலத்தில் விநாயகரை வேண்டித் தம் இளமையைக் கொடுத்து மூப்பை வாங்கிக்கொண்டார் என்பர். ஊர் ஊராகப் போய்ப் பாடும் சுதந்திரம் அந்நாளில் ஒரு பெண்ணுக்குக் கிழவியானால்தான் கிட்டும் போலும். இங்கே அமர்ந்திருக்கும் பெண்கள் அப்படி ஒரு வரம் கேட்க வேண்டிய நிலை அடியோடு நீங்கிவிட்டது என்று சொல்ல எனக்கும் துணிவில்லை.)

ஆகவே முதியவர்களுடைய ஏக்கங்களில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தே ஏற்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். "இவ்வளவு உழைத்திருக்க வேண்டாம்" என்று சொல்கிறவர், பெரும்பாலும் அந்த உழைப்பால் கட்டிய வீட்டின் தாழ்வாரத்தில், அந்த உழைப்பால் வாங்கிய சாய்வு நாற்காலியில் அமர்ந்துதான் அதைச் சொல்கிறார். உழைக்காமல் இருந்திருந்தால் எங்கே அமர்ந்து என்ன சொல்லியிருப்பார் என்பதை அவரும் அறியார். "வேறு படிப்புப் படித்திருப்பேன், வேறு ஊருக்குப் போயிருப்பேன்" என்பவையும் இத்தகையனவே. போகாத ஊரின் வெயிலை யாரும் அனுபவித்ததில்லை. வாழ்க்கையின் பெரிய திருப்பங்களைக் குறித்து முதுமை சொல்லும் தீர்ப்புகளில் கற்பனைக்கு இடம் அதிகம்; தான் இன்னதை இன்ன காலத்தில் கைவிட்டேன், அதனால் இன்னது போயிற்று என்று ஒருவர் நாள் குறித்துச் சொல்வாரானால், அதற்கே சாட்சியம் என்று பெயர். அத்தகைய சாட்சியங்கள் அரிது. நான் அறிந்தவற்றுள் மிக நேர்மையானது சார்லஸ் டார்வினுடையது.

1831-ல் பீகிள் கப்பலில் ஏறி ஏறத்தாழ ஐந்தாண்டு உலகைச் சுற்றி வந்தவரும், 1859-ல் உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றிய நூலை வெளியிட்டு மனிதர் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணத்தையே அசைத்தவருமான அந்தப் பெரியார், 1876-ல், தம் 67-ஆம் வயதில், தம் மக்கள் படிப்பதற்கென்று சில நினைவுகளை எழுதி வைத்தார். அவர் மறைந்து ஐந்தாண்டுகளுக்குப் பின் மகன் பிரான்சிஸ் அவற்றை வெளியிட்டார். பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, ஷ்ரூஸ்பரியில், பள்ளிக்கூடத்தின் கனத்த சுவரில் அமைந்த ஒரு ஜன்னலில் மணிக்கணக்காக உட்கார்ந்து ஷேக்ஸ்பியரின் சரித்திர நாடகங்களைப் படித்ததை அதில் அவர் நினைவுகூர்கிறார். கப்பல் யாத்திரையில் கரையிறங்கி உள்நாட்டுக்குப் போகும்போது ஒரே ஒரு புத்தகத்தைத்தான் சுமக்கலாம் என்றால், அவர் எடுத்துச் சென்றது மில்டனின் காவியத்தை. கேம்பிரிட்ஜில் படித்த நாட்களிலோ, கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தில் பாடும் நேரத்துக்குப் பொருந்துமாறு தம் உலாவலை அமைத்துக்கொள்வார். சில சமயம் அங்குப் பாடும் சிறுவர்களைக் கூலி கொடுத்துத் தம் அறைக்கே வரவழைத்துப் பாடச் செய்வார். இத்தனைக்கும் அவருக்குச் செவிஞானம் கிடையாது. நண்பர்கள் தெரிந்த பாட்டையே வழக்கத்தைவிட விரைவாகவோ மெதுவாகவோ வாசித்து அவரைப் பரீட்சிப்பார்களாம். தம் நாட்டு ராஜகீதத்தைக்கூட அப்படி வாசித்தால் அவருக்கு அடையாளம் தெரியாது. ஞானம் இல்லாமலும் ரசிக்க முடியும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

அந்த மனிதர்தாம், 30 வயதுக்குப் பின் சிறிது சிறிதாகக் கவிதையின் சுவை தம்மைவிட்டு அகன்றதென்றும், இப்போது ஒரு வரியைக்கூடப் படிக்கப் பொறுக்கவில்லையென்றும், ஷேக்ஸ்பியரை எடுத்துப் பார்த்தால் குமட்டும் அளவுக்குச் சலிப்புத் தட்டுகிறதென்றும் எழுதுகிறார். இசை கேட்டால் இன்பம் தோன்றுவதற்குப் பதிலாக, அன்று செய்துகொண்டிருந்த ஆராய்ச்சியைப் பற்றிய சிந்தனைதான் மும்முரமாகிறதாம். தகவல்களைக் கொட்டினால் பொதுவிதிகளை அரைத்துத் தள்ளும் யந்திரமாகத் தம் மனம் மாறிவிட்டதைக் கண்டு அவர் திகைக்கிறார். மறுபடியும் வாழ நேர்ந்தால், வாரத்துக்கு ஒரு முறையேனும் கொஞ்சம் கவிதை படிப்பதையும் கொஞ்சம் இசை கேட்பதையும் ஒரு விதியாகக் கொள்வேன் என்கிறார். பயன்படாத அவயவம் தேய்ந்துபோகும் என்பதைப் பிற உயிர்களிடத்தில் ஆராய்ந்தவர், தம் மூளையின் ஒரு பகுதியும் அவ்வாறே தேய்ந்துபோயிற்றோ என்று தம்மையே ஒரு மாதிரியாக வைத்து ஆராய்கிறார்.

நேரமில்லாமையால் நேர்ந்ததா இது? அப்படிச் சொல்ல முடியாது. நோயாளியாகிய டார்வின் நாள் முழுதும் உழைத்தவர் அல்லர். காலை எட்டு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வேலை செய்வார். பிறகு கடிதங்களைக் கேட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்திருப்பார், வீட்டார் ஒரு நாவலை உரக்கப் படிப்பார்கள். மறுபடி பத்தரை மணி முதல் நண்பகல் வரை வேலை. நாவல்களில் அவருக்கு அபாரப் பிரியம். சோகமாக முடியும் நாவலைச் சட்டம் போட்டே தடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. மாலையில் மனைவி எம்மா பியானோ வாசிப்பார். நேரம் இருந்தது, புத்தகம் இருந்தது, இசை வீட்டுக்குள்ளேயே இருந்தது. பத்து நிமிஷம் மில்டனுக்கு ஒதுக்கத் தடையாக இருந்தது எதுவுமில்லை. அதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்பது ஒன்றே தடையாக இருந்தது.

இந்த இடத்தில்தான் என் விசாரணை முடிவுக்கு வருகிறது. பரீட்சைக்கும் உத்தியோகத்துக்கும் கல்யாணத்துக்கும் காவலர்கள் உண்டு. தந்தை கேட்பார், மாமா கேட்பார், அண்டை வீட்டார் அதைவிட ஆவலாகக் கேட்பார்கள்; அவற்றை நீங்கள் தவறவிட ஊரே விடாது. நாலு பாட்டுத் தெரிந்திருப்பதும், பாட்டியிடம் ஒரு கதையை முழுவதும் கேட்டு வைப்பதும், பிற பாஷை ஒன்றைப் பிழையோடாவது பேசப் பழகுவதும், நடுவில் நின்றுபோன வீணைப் பாடத்தைத் தொடர்வதும் காவலற்றவை. அவற்றை விட்டுவிட்டதற்காக எவரும் உங்களைக் கண்டிக்கப் போவதில்லை. காந்தியடிகள் தம் சத்திய சோதனையில், கையெழுத்து நன்றாக இருப்பது கல்வியின் ஒரு பகுதியன்று என்று இளமையில் எண்ணிக்கொண்டிருந்ததையும், தென்னாப்பிரிக்காவில் வக்கீல்களும் இளைஞர்களும் முத்து முத்தாக எழுதுவதைக் கண்டு வெட்கியதையும், பின்னர் திருத்த முயன்றும் காலம் கடந்துவிட்டதையும் எழுதியிருக்கிறார். ஒரு சாம்ராஜ்யத்தை எதிர்த்து நின்றவருக்குத் தம் கையெழுத்தைத் திருத்த முடியவில்லை. வாழ்நாள் முழுவதும் அவர் எழுதிக் குவித்த கடிதங்களைப் படித்தவர்கள் அந்தப் பலனை அனுபவித்தார்கள்.

காலம் கடந்துவிட்டது என்று இருபத்திரண்டு வயதிலேயே நீங்கள் சொல்லத் தொடங்கிவிடக் கூடாது என்பதற்காக, இன்னொருவரையும் இங்கே நினைவூட்டுகிறேன். 1880 அக்டோபர் 21-ஆம் தேதி, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த சாமிநாதையர், அவ்வூர் முன்சீபாகிய சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் புராணங்களையும் அடுக்கிக்கொண்டே போனார். எதிரில் இருந்தவர் முகத்தில் வியப்பின் சாயலே தோன்றவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று முதலியார் கேட்டபோது, அக்காலத்தின் தலைசிறந்த ஆசிரியரிடம் பயின்று வந்த அவர் இல்லையென்று சொல்ல வேண்டியதாயிற்று. இளமையின் சிறந்த ஆண்டுகள் வேறு நூல்களில் கழிந்துவிட்டனவே என்று அவர் ஏங்கியிருக்கலாம்; ஏங்குவதற்கு நியாயமும் இருந்தது. அவரோ முதலியாரிடமிருந்து சிந்தாமணிப் பிரதியைப் பெற்றுக்கொண்டு முதல் எழுத்திலிருந்து கற்கத் தொடங்கினார். சமண சமயத்தின் சொற்கள் புரியாமல் போகவே, கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-ல் அவர் பதிப்பித்த சிந்தாமணி அச்சாகி வந்தது. 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு. முதலியாரைக் கண்ட அன்று ஐயருக்கு வயது 25.

அவர் ஏடு தேடிப் போன ஊர்கள் எல்லாவற்றிலும் ஏடு காத்திருக்கவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய சுவடிகளை, சிதைந்தவற்றை அப்படிச் செய்யலாம் என்று சாஸ்திரம் இருப்பதாகச் சொல்லி, முன்னமேயே நெய்யில் தோய்த்து அக்கினியில் இட்டுவிட்டார்கள். அந்தச் சுவடிகளில் என்ன இருந்தது என்பதை இனி யாரும் சொல்ல முடியாது.

விழா முடிந்தபின் உங்களைச் சேர்ந்த பெரியவர்கள் வெளியே நிற்பார்கள். நான் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களைக் கேட்டால், பேச வந்த நான் சொல்வதையே அவர்களும் சொல்வார்கள். எதை விட்டீர்கள், எந்த வயதில் விட்டீர்கள், விட்டபோது அதற்கு என்ன காரணம் சொல்லிக்கொண்டீர்கள் என்று கேளுங்கள். முதலில் ஒன்றுமில்லை என்பார்கள். பிறகு தொடங்கினால் எளிதில் நிறுத்த மாட்டார்கள். கடைசி பஸ் போய்விடும் என்று அவர்களை அவசரப்படுத்தாதீர்கள்.