நத்தைக்கு இலை விரிப்போம்

நான் பசு சகியாக வேலை பார்க்கிறேன். எனக்குக் கொடுத்த தலைப்பு கறவை மாடு. அதில் நத்தையைப் பற்றி மட்டும் பேசுறேன்.

குழுக் கடனில் மாடு வாங்கினவங்க நம்மில் நிறையப் பேர். மழை முடிஞ்சதும் ஏரிக்கரைப் புல்லுக்கு ஓட்டுறோம். பிறகு மாடு இளைக்குது, கழியுது, தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்குது, பால் குறையுது. தவணை மட்டும் குறையறதில்லை. பல நேரம் இதுக்குக் காரணம் கல்லீரல் தட்டைப்புழு.

புழுவின் முட்டை சாணத்தோடு வெளியே வந்து தண்ணீரில் பொரியும். பொரிஞ்ச குஞ்சு லிம்னேயா என்கிற கூம்பு நத்தைக்குள் போனால்தான் பிழைக்கும். உள்ளே பெருகி, நூற்றுக்கணக்கில் வெளியேறித் தண்ணீரோரப் புல்லில் ஒட்டிக்கும். அதை மாடு மேயுது. தட்டையாகச் சுருண்ட இன்னொரு நத்தை இருக்கு, அது குறட்டை நோய்ப் புழுவைப் பரப்பும். சென்னை மாகாண மாடுகளில் அந்தப் புழுவைப் பார்த்து 1933-லேயே ராவ் என்பவர் எழுதியிருக்கிறார். நகரிப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவங்க 'நத்த' என்பீங்க. எல்லாம் ஒண்ணுதான்.

மயில்துத்தம் கரைச்சா நத்தை சாகும், மீனும் சாகும். குட்டையை மீனுக்குக் குத்தகை எடுத்த குழு நம்மிடமே இருக்கு. அதனால் நத்தையைத் தேடிப் போகாமல் அதை வரவழைக்கிற வழிதான் எனக்குப் பிடிச்சது.

கோரக்பூர் பல்கலைக்கழக விலங்கியல் துறையினர் மாவுச்சத்து மாதிரி நத்தைக்குப் பிடிச்சதை உருண்டையாக்கி, உள்ளே பெருங்காயம், கிராம்பு இவற்றில் பிரித்தெடுத்த சத்தை வைத்து, லிம்னேயாவுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. ஆசையாகத் தின்ன வந்த நத்தை செத்தது. அதுக்காக வீட்டுப் பெருங்காய டப்பாவை ஏரியில் கொட்டாதீங்க, காசுதான் கரையும்!

எத்தியோப்பியாவில், அட்வா ஊர் ஓடையில், பெண்கள் எண்டோட் என்கிற காயைச் சோப்பு மாதிரி தேய்ச்சுத் துணி துவைப்பாங்க. அந்த இடத்துக்குக் கீழே நத்தைகள் செத்துக் கிடந்ததை 1964-இல் அக்லிலு லெம்மா கவனிச்சார். மனுஷருக்கே நோய் பரப்பும் நத்தை அது. துவைச்ச பெண்கள் பெயர் யாருக்கும் தெரியாது, அது வேற விஷயம்.

நாங்க செய்யறது இன்னும் எளிசு. மார்க்கெட்டில் கழிக்கிற முட்டைக்கோஸ் மேல் இலை, கீரை, பப்பாளி இலை, இவற்றை வெங்காய வலைப்பையில் போட்டு, குச்சியில் கட்டி, சாயங்காலம் கரையோரத் தண்ணீரில் இறக்குவோம். விடியலில் தூக்கினா நத்தை அப்பியிருக்கும். கையில் பிளாஸ்டிக் பை கட்டாமல் தொடக்கூடாது, அரிப்பு வரும். தண்ணீரிலேயே நசுக்கவும் கூடாது. இலையை மறந்து விட்டுடாதீங்க. இலைக்கடியில் பிசின் மாதிரி ஒட்டியிருப்பது நத்தை முட்டை. எடுக்காமல் விட்டா நாமே தீனி போட்டு நத்தை வளர்த்த மாதிரி ஆகிடும். இலை, நத்தை ரெண்டையும் கரையை விட்டுத் தள்ளிக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்கிறோம்.

இதனால் நத்தை குறையும், அத்துப்போகாது. குட்டையோரம் சாணம் கொட்டாமல் இருக்கணும், நீரோரப் புல்லை அறுத்து நல்லாக் காயவைத்துப் போடணும். எல்லாக் குடற்புழு மருந்தும் தட்டைப்புழுவுக்குக் கேட்காது. டாக்டரிடம் "தட்டைப்புழுவுக்கு" என்றே கேட்டு வாங்குங்க.

வர்ற சனிக்கிழமை சாயங்காலம் பெரிய குட்டையில் வலைப்பை இறக்கப் போறோம். குழுவுக்கு ரெண்டு பேர் வாங்க, பழைய வலைப்பை இருந்தா எடுத்துட்டு வாங்க.