தேதி பார்த்து ஓர் அதிகாரம்

வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். ஒரே வருடத்தில் முடித்துவிடலாம் என்று ஜனவரியில் ஆரம்பிக்கிற பலர் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். பாவம், ஆசை இல்லாமல் அல்ல, பாரம் தாங்காமல்.

நீதிமொழிகளில் தொடங்குங்களேன். 31 அதிகாரங்கள். இன்று என்ன தேதியோ, அந்த அதிகாரம். ஒரு நாள் விட்டுப்போனாலும் பாக்கி சேராது; எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் பல்லாவரம் வருவதற்குள் வாசித்துவிடலாம். மனதில் தைத்த ஒரு வசனத்தைக் கிண்டி வரை அசைபோடுங்கள்.

அடுத்து சங்கீதம். 117-ஆம் சங்கீதம் இரண்டே வசனம். 119-இல் 176 வசனங்கள். எட்டெட்டாக 22 பகுதிகள். நாளுக்கு ஒரு பகுதி போதும்.