பச்சை உடம்புக்காரி வயலுக்குப் போகலாமா?
(பண்ணை ஒலிபரப்பில் இடம்பெற்ற உரை)



கன்று போட்ட பசுவை மறுவாரமே ஏரில் பூட்டுவோமா? மாட்டோம். தவிடும் புண்ணாக்கும் கூடுதலாய் வைத்து, காற்றோட்டமான இடம் பார்த்துக் கட்டுவோம். ஆனால் வீட்டில் பிள்ளை பெற்ற மருமகள் இருபதாம் நாள் நடவுக்குப் போனால், "எங்க காலத்துல நாங்க போகலையா?" என்கிறோம். போனீர்கள், உண்மைதான். அன்றைக்குப் பிடித்த இடுப்பு வலி இன்றும் விடவில்லை என்பதும் உண்மைதானே?

பிரசவம் ஆனவுடன் கர்ப்பப்பை ஏறக்குறைய 1 கிலோ எடை இருக்கும். அது சுருங்கிப் பழைய அளவுக்கு வர 6 வாரம் ஆகும். அதைத் தாங்கும் சதையும் நரம்பும் அதுவரை தளர்ந்துதான் இருக்கும். அந்த நேரத்தில் நாற்றுக்கட்டைத் தூக்கினாலும், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தாலும் பாரம் முழுவதும் அடிவயிற்றில் இறங்கும். பின்னாளில் கர்ப்பப்பை இறங்குவதும், இருமினால், தும்மினால் சிறுநீர் கசிவதும் பல பேருக்கு இப்படி வந்த வினைதான்.

அதனால் முதல் 6 வாரம் சுமை தூக்குவதும், நாள் முழுக்கக் குனிந்து செய்கிற வேலையும் வேண்டாம். படுத்தே கிடக்கவும் வேண்டாம், வீட்டுக்குள் நடமாடலாம். 6 வாரம் கழித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை காட்டிவிட்டு, உட்கார்ந்து செய்கிற வேலையில் தொடங்குங்கள். விதை பொறுக்கலாம், மணிலா உரிக்கலாம். பிறகு அரை நாள் களையெடுப்பு. நடவும் கட்டுச் சுமப்பதும் கடைசியில்தான். வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்தவர்கள் டாக்டர் சொல்லும்வரை பொறுக்க வேண்டும். நின்றுபோன உதிரம் வேலைக்குப் போனதும் மறுபடி சிவப்பாகப் பட்டால், உடம்பு இன்னும் தயாராகவில்லை என்று பொருள். வேலையை நிறுத்திவிட்டுச் செவிலியரிடம் காட்டுங்கள்.

தளர்ந்த சதைக்கு ஒரு பயிற்சி உண்டு. சிறுநீரை அடக்குவது போல அடிச்சதையை இறுக்கி, 5 எண்ணும்வரை பிடித்து, பிறகு விடுங்கள். இப்படி 10 தடவை. தினம் மூன்று வேளை. பால் கொடுக்கும்போதே செய்யலாம். காசு செலவில்லை.

இனி அசதிக்கு வருவோம். "எந்திரிச்சா கண்ணு இருட்டுது, மூச்சு வாங்குது" என்றால் அதைச் சோம்பல் என்று சொல்லாதீர்கள். பெரும்பாலும் அது ரத்தசோகை. ஹீமோகுளோபின் அளவு 12-க்குக் குறைந்தால் சோகை. பிரசவத்துக்குப் பின் 180 நாள் தினம் ஓர் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். டீ, காபியோடு மாத்திரையை விழுங்காதீர்கள். சுண்ணாம்புச்சத்து மாத்திரையை வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பால் கொடுக்கிறவளுக்குத் தினம் 600 கலோரி வரை கூடுதலாக வேண்டும். பத்தியம் என்று சொல்லி ரசஞ்சோறு மட்டும் போடலாமா? முருங்கைக்கீரை, கேழ்வரகு, பருப்பு, முட்டை, மீன் எல்லாம் கொடுங்கள். தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்பது தப்பு. தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்காவிட்டால் அவள்தான் வாடிப்போவாள்.

வேலைக்குப் போனாலும் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க முடியும். நிலத்துக்காரர் இரண்டு மூன்று மணிக்கு ஒருதரம் வரப்பு மரத்தடித் தூளிக்குப் போய்வர விட வேண்டும். பிள்ளை வீட்டில் இருந்தால், கொதிநீரில் கழுவிய கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி மூடி, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். 4 மணி நேரத்துக்குள் பாட்டி பாலாடையில் புகட்டட்டும். பூச்சிமருந்து அடிக்கிற வேலைக்கு இவளை அனுப்பவே கூடாது.

ஆலையிலும் ஆபீசிலும் வேலை பார்க்கிற பெண்களுக்கு, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு, 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. கூலிக்காரப் பெண்ணுக்கு விடுப்புத் தர வேண்டியது நாம்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 2018-இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. கூலி போகிறதே என்று ஏழைப் பெண் வயலுக்கு ஓடாமல் இருக்கத்தான் அந்த உதவி. அந்தப் பணத்தை உரக்கடைப் பாக்கிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

உதிரம் அதிகமாகி ஒரு மணி நேரத்தில் ஒரு துணி நனைந்தாலோ, காய்ச்சலும் கெட்ட வாடையும் இருந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, தலைவலியோடு பார்வை மங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்; உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்தாலும் திட்டாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

கணவன்மாருக்கு ஒரு வார்த்தை. இந்தப் பட்டத்துக்குத் தண்ணீர்க் குடத்தையும் விறகையும் நீங்கள் தூக்குங்கள். நடவுக்கு ஓர் ஆள் குறைந்தால் கூலிக்கு ஆள் கிடைக்கும். இறங்கிப்போன கர்ப்பப்பைக்கு ஆஸ்பத்திரிக்கு அலைகிற செலவோடு பார்த்தால் அந்தக் கூலி பெரிதில்லை.