வரைபடமும் அச்சுப் பக்கமும்



கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் செல்வோர், வாளையாற்றைக் கடந்த சிறிது நேரத்தில் கஞ்சிக்கோட்டைக் காண்பர். 1976-இல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையின் கிளை இங்கு நிறுவப்பட்டது. 2015-இல் தொடங்கிய பாலக்காடு ஐ.ஐ.டி.யும் இப்பகுதியிலேயே நிலைகொண்டுள்ளது. இவ்வட்டாரத்துப் பட்டறைகளில் மலையாளம், தமிழ், இந்தி பேசுவோர் அருகருகே நின்று வேலை செய்கின்றனர். அவர்களுக்குப் பொதுவாக உள்ள மொழி ஒன்றுண்டு. அதுவே யந்திர வரைபடம்.

அவ்வரைபடத்தைக் கணிப்பொறியில் வெகு திருத்தமாக வரைந்துவிடுகிறோம். கையேட்டில் அச்சேறும்போதுதான் கேடு வருகிறது. கோடுகள் மங்குகின்றன, எண்கள் குழம்புகின்றன. 36 என்பதை 38 என்று படித்துத் துளையிட்டால் என்னாகும்? பெருத்துவிட்ட துளையைச் சிறுக்க வைக்கும் உளி எந்தப் பட்டறையிலும் இல்லை அல்லவா?

இதன் காரணம் யாது? திரையில் தெரிவதைப் புகைப்படம்போலப் பிடித்துப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறோம். அது புள்ளிகளின் கூட்டம்; பெருக்கினால் புள்ளிகள் தனித்தனியே தெரியும்; சுருக்கினால் ஒன்றோடொன்று கலந்துவிடும். பொறியாளர் வரைந்ததோ, இன்ன இடத்தில் தொடங்கி இன்ன இடத்தில் முடியும் கோடு என்னும் கணக்கு. அக்கணக்கைக் கணக்காகவே அச்சுக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. எவரும் படித்துத் திருத்தும்படி மூல நிரலைத் திறந்து வைத்திருக்கும் மென்பொருள்களே போதும். தட்டையான படத்துக்கு லிப்ரேகேட், கனப்பொருளின் படத்துக்கு ஃப்ரீகேட், படத்தைச் செப்பனிட இங்க்ஸ்கேப், அச்சுக்கோப்புக்கு லேடெக் ஆகியன உள்ளன. லேடெக்கின் அடித்தளமான டெக்கை அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் நூத் 1978-இல் வெளியிட்டார். கேரளத்துக்கு இக்கலை அந்நியமன்று. 1998-இல் இந்திய டெக் பயனர் குழு திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்றது. 2002-இல் உலக டெக் பயனர்களின் ஆண்டு மாநாடும் அந்நகரிலேயே கூடிற்று.

இனி, செய்முறையைப் பார்ப்போம். முதலில் பக்கத்தின் அகலத்தைத் தீர்மானித்துக்கொண்டு, அந்த அளவுக்கே படத்தை அமைத்தல் வேண்டும். 200 மில்லிமீட்டர்ப் படத்தை 100 மில்லிமீட்டர்ப் பக்கத்தில் அடைத்தால், கால் மில்லிமீட்டர்க் கோடு அரைக்கால் மில்லிமீட்டராகும், 3.5 மில்லிமீட்டர் எழுத்து 1.75 ஆகும். படத்தின் ஓரத்தில் 1:2 என்று எழுதிய அளவுவிகிதமும் பொய்யாகிவிடும். அடுத்து, படத்தை எஸ்.வி.ஜி. அல்லது பி.டி.எஃப். வடிவில் எடுக்க வேண்டும். அவ்வடிவங்களில் கோடு கோடாகவே நிற்கும்.

மூன்றாவதுதான் முக்கியமானது. இங்க்ஸ்கேப்பில் பி.டி.எஃப். ஆகச் சேமிக்கும்போது, கோடுகளை ஒரு கோப்பிலும் எழுத்துகளை வேறொரு லேடெக் கோப்பிலும் பிரித்து வைக்கும் வசதி உண்டு. படத்தில் "வால்வு", "தண்டு" என்று நேரே எழுதாமல், ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு கட்டளைப் பெயரை மட்டும் இட்டு வைக்கலாம். அப்பெயருக்குரிய சொல்லைத் தமிழ்க் கையேட்டில் தமிழிலும், மலையாளக் கையேட்டில் மலையாளத்திலும் வரையறுத்தால், படம் ஒன்றே, மொழிகள் பல என்றாகிவிடும். இந்திய எழுத்துகளைக் கோக்க ஸீலேடெக் உதவும். படத்தில் அளவு மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். எல்லா மொழிக் கையேடுகளையும் மறுபடி கோத்தெடுக்கும்போது திருத்தமும் உடன் வந்துவிடும்.

வெளிமாநிலங்களில் பணிபுரியும் நம்மவர் பலர், தமக்குப் பழகாத மொழிக் கையேட்டை வைத்துக்கொண்டு யந்திரத்தின் முன் நிற்கின்றனர். எச்சரிக்கைச் சொல் விளங்காவிடில் இழப்பு இரும்போடு நில்லாது; கைவிரலுக்கும் வந்துவிடும். ஆகவே, கையேடு ஆக்கும் பொறுப்பு நம்மில் எவர்க்கேனும் வாய்த்தால், கோட்டைக் கோடாகக் காப்போம். எழுத்தைப் படிப்பவரின் மொழியில் தருவோம். வரைபடம் வரைந்தவரின் அறிவு, அதைப் பார்த்து வேலை செய்பவரின் கைக்குப் பழுதின்றிச் சேர வேண்டும்.