அந்தத் தடித்த எழுத்து

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மலக்குழி மரணங்களைக் கண்டிக்கும் கூட்டத்துக்கு ஆங்கிலச் சுவரொட்டி தயார் செய்யும்போது போன வாரம் ஒரு தகராறு வந்தது. தம்பி ஒருத்தர் பழைய பாணித் தடித்த எழுத்து ஒன்றைக் கம்ப்யூட்டரில் பிடித்து வைத்திருந்தார். "இது அடிமைகளை ஏலம் விட்ட நோட்டீசு எழுத்து, நமக்கு வேணாம்" என்றார் ஒரு தங்கை. அச்சுக்கோர்த்தவன் என்பதால் என்னைக் கேட்டார்கள். அன்றைக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்றேன்.

தங்கை சொன்னது பொய்யில்லை. 'ஃபேட் ஃபேஸ்' என்று அதற்குப் பெயர். 1800களின் தொடக்கத்தில் லண்டன் வார்ப்படக்காரர்கள் கொண்டுவந்தது. ராபர்ட் தோர்ன் பெயரை முதலில் சொல்வார்கள். நெட்டுக்கோடு கொழுத்துக் கிடக்கும். முனையில் வரும் செரிஃப் என்கிற சிறு குறுக்குக்கோடு மயிரிழைதான். புத்தகத்துக்கு ஆகாது. தெருவில் போகிறவனை நிறுத்தவே பிறந்த எழுத்து. 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மர எழுத்தை இயந்திரத்தில் வெட்டத் தொடங்கியதும் சாண் உயர எழுத்தும் மலிவானது. ஈயத்தில் அவ்வளவு பெரிசாக வார்த்தால் விலையும் தாங்காது, தூக்கவும் முடியாது.

1829 மே 18ஆம் தேதி ஏலத்துக்கான நோட்டீசு ஒன்று இருக்கிறது. விற்பனைக்கு மூன்று மனிதர்கள்: பேர், வயசு, வேலை. அதே தாளில் அரிசி, நெல், ஊசி, ரிப்பன், கடைசியில் ஒரு குதிரை. தப்பி ஓடியவரைப் பிடிக்கும் விளம்பரத்துக்கென்றே, மூட்டையோடு நடக்கும் ஆள் உருவத்தை அமெரிக்க வார்ப்படசாலைகள் தயாராகச் செய்து விற்றன. எழுத்து மாதிரி அதுவும் ஒரு சரக்கு!

ஆனால் பாஸ்டனுக்கு வாங்க. 1850இல் வந்த சட்டப்படி, வடக்கே தப்பி வந்தவரையும் பிடித்து எஜமானனிடம் ஒப்படைக்க வேண்டும். 1851 ஏப்ரலில் தாமஸ் சிம்ஸ் என்பவரைப் பிடித்து ஜார்ஜியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதே ஏப்ரல் 24 தேதியிட்டு ஒரு சுவரொட்டி. கறுப்பின மக்களே, போலீசிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள், அவர்களே இப்போது ஆள் பிடிக்கிறார்கள் என்று சொன்னது. எழுதியவர் தியோடர் பார்க்கர் என்ற பாதிரியார் என்பார்கள். எழுத்து? அதே தடித்த செரிஃப் குடும்பம்தான். எச்சரிக்கை என்ற சொல்லுக்கும் ஆள் பிடிப்பவர்கள் என்ற சொல்லுக்கும் பெரிய எழுத்து. அதைக் கோர்த்தவன் பேர் தாளில் இல்லை. அவன் கையைத்தான் நான் பார்க்கிறேன்.

ஏன்னா, நான் வேலை பழகிய அச்சகத்தில் கட்டை எழுத்தை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவுவது என் வேலை. எழுத்தைத் தொடலாம், தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது. பகலில் சாதிச் சங்க மாநாட்டு நோட்டீசு கோர்ப்பேன். முதலாளி போன பிறகு, ராத்திரி, அதே கட்டையில் நம்ம நோட்டீசு. மை காயுமுன் கழுவி வைத்துவிடணும்.

ஆக, தம்பி பிடித்த எழுத்தே இருக்கட்டும். எனக்கு வருத்தம் வேறே. நீங்கள் போட்ட மாதிரியில் அந்தப் பெரிய எழுத்து முழுக்கப் பேச்சாளர் பெயர்களுக்குப் போயிருக்கு, என் பெயர் உட்பட. மலக்குழி என்கிற சொல் அடியில் பொடி எழுத்தில் கிடக்கிறது. அதை மேலே ஏத்துங்க. எங்க பேரைப் பொடியாப் போடுங்க, போதும்.