பச்சிளங்குழந்தைக் குருதிச் சோதனையும் அறக்கொடையும்

(கொடுமுடியில் நடைபெற்ற அறக்கட்டளைக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைக் கொடையுள் மருந்துக்கொடை பெரும்பாலும் நோய் வந்தபின் வழங்கப்படுவது. நோய் கண்ணுக்குப் புலப்படுமுன்னரே வழங்கத்தக்க மருந்துக்கொடையும் ஒன்று உண்டு. அதுவே இவ்வுரையின் பொருள்.

எடையும் நிறமும் அழுகையும் செவ்வனே அமையப் பிறக்கும் குழந்தைகளுள் சிலருக்குத் தைராய்டு சுரப்பி போதிய அளவு சுரப்பதில்லை. கருவில் இருந்தபோது தாயிடமிருந்து வந்த சுரப்பு ஓரளவு காத்திருந்தமையால், தொடக்க நாட்களில் வெளிக்குறி ஏதும் தோன்றாது. நீடித்த மஞ்சள் காமாலை, மலச்சிக்கல், மிகுந்த உறக்கம், பால் குடிப்பதில் சோர்வு ஆகியவை மெல்ல மெல்லத் தோன்றும். அழாத நல்ல பிள்ளை என்று வீட்டார் மகிழ்வதும் உண்டு. அதற்குள் மூளை வளர்ச்சி குன்றத் தொடங்கிவிடும். காலந்தாழ்ந்தபின் மருந்து கொடுத்தாலும் இழந்த அறிவுத்திறன் முழுமையாக மீள்வதில்லை. பிறந்த இரண்டு வாரங்களுக்குள் நாள்தோறும் தைராக்சின் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்துப் புகட்டத் தொடங்கினால், அக்குழந்தை ஏனைய பிள்ளைகளைப் போலவே வளர்ந்து பள்ளிக்குச் செல்லும்.

இந்நோயைக் காணும் வழி எளியது. பிறந்து 48 மணி நேரம் கடந்தபின், குதிகாலின் ஓரத்தில் சிறிது குத்தி, சில துளிக் குருதியை வடிதாளில் ஏற்று, உலர்த்தி, ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். ஈரோட்டு மஞ்சள் சந்தையில் மூட்டை முழுவதையும் கொட்டிப் பாராமல், ஒரு கை மாதிரியைக் கொண்டே தரம் அறிவதைப் போன்றது இது. இம்முறையை வகுத்தவர் அமெரிக்க மருத்துவ அறிஞர் ராபர்ட் கத்ரி. தம் மகன் அறிவுத்திறன் குன்றிப் பிறந்ததும், உறவுக் குழந்தை ஒருத்திக்கு ஃபீனைல்கீட்டோனூரியா என்னும் வளர்சிதைமாற்ற நோய் காலந்தாழ்ந்து அறியப்பட்டதும் அவரை இவ்வாய்வில் செலுத்தின. 1960களின் தொடக்கத்தில் அவர் தொடங்கிய வடிதாள் முறை, 1970களில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் தைராய்டு குறைபாட்டிற்கும் விரிவாக்கப்பட்டது.

இந்தியாவில் 1980இல் பெங்களூரில் இம்முயற்சி தொடங்கி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் சோதிக்கப்பட்டனர். பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தா, ஐதராபாத் ஆகிய ஐந்து நகரங்களில் 1,04,066 குழந்தைகளைச் சோதித்தது. 1,130 குழந்தைகளில் ஒருவருக்குப் பிறவித் தைராய்டு குறைபாடும், 5,762 குழந்தைகளில் ஒருவருக்குப் பிறவி அட்ரீனல் சுரப்பிக் கோளாறும் இருந்தன. இரண்டாவது நோயின் கடுமையான வகையில் உடலின் உப்பு வெளியேறி, சில வாரங்களிலேயே உயிருக்கு இடர் நேரும். ஆண் குழந்தைகளிடம் வெளிக்குறி பெரும்பாலும் புலப்படாமையால், வாந்தி, வயிற்றுப்போக்கு என்று கருதியே அவர்களை இழக்க நேரிடுகிறது.

2021இல் கொங்கு நாட்டுக் காவிரிக்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த குழந்தைக்கு முதுகுத்தண்டுத் தசைச்சிதைவு நோய் என அறியப்பட்டபோது, மருந்தின் விலை 16 கோடி ரூபாய் என்றனர். ஊரும் உலகும் சிறு சிறு தொகையாக வழங்கி அதனை நிரப்பின. நடுவண் அரசும் இறக்குமதி வரியை நீக்கியது. அக்கொடை போற்றத்தக்கது. ஆயினும் அதனோடு சேர்த்து எண்ண வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. எடுத்துக்காட்டாக, தைராய்டு சோதனை ஒன்றிற்கு 200 ரூபாய் எனக் கொண்டால், 1,130 குழந்தைகளைச் சோதித்து ஒரு குழந்தையைக் கண்டறிய ஆகும் செலவு 2,26,000 ரூபாய். 16 கோடியில் 8 லட்சம் குழந்தைகளைச் சோதித்து, ஏறத்தாழ 700 குழந்தைகளைக் கண்டறியலாம். துன்புறும் ஒரு முகத்தைக் கண்டு இரங்குவது இயல்பு. இன்னும் முகம் தெரியாத 700 குழந்தைகளுக்காக இரங்குவதற்கு அறிவும் துணை நிற்க வேண்டும்.

கொடை வழங்க முன்வருவோர் முதலில் எண்ணுவது இயந்திரம். ஒரே துளியில் பல்வேறு வளர்சிதைமாற்ற நோய்களைக் காட்டும் கருவி உண்டு என்பது உண்மை. ஆனால் கருவி நோயைச் சுட்டுமேயன்றிக் குழந்தையைத் தேடிச் செல்லாது. கொங்கு நாட்டில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். குழந்தைக்குப் பெயர் வைக்குமுன்னரே குருதி எடுக்கப்படுகிறது. முடிவு வரும்போது தாயும் சேயும் வேறு ஊரில் இருக்கலாம். ஆகவே தாயின் பெயரும், இரு வீட்டாரின் தொலைபேசி எண்ணும் தாளில் இருத்தல் வேண்டும். ஐயம் எழுந்தால் அன்றே அழைக்க ஒரு செவிலியர், உறுதிச் சோதனைக்கு வாகனச் செலவு, ஆண்டுக்கணக்கில் தடையின்றி மாத்திரை ஆகியவையும் தேவை. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் சோதனைக்குச் செலவிட்ட பணமெல்லாம் வீண். ஆதலின் ஓராண்டு பெருந்தொகையினும் ஐந்தாண்டு தொடரும் சிறுதொகையே சிறந்தது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்களோடும், உள்ளூர் அரசு மருத்துவமனையோடும் இணைந்து செய்தால் கொடை நிலைபெறும்.

தாய்மார்களுக்கு ஐயங்கள் எழும். முதல் முடிவு ஐயத்தை மட்டுமே காட்டும். உறுதிச் சோதனையில் பலருக்கு நோயில்லை எனத் தெளியும். மரபுவழி நோய்கள் பலவற்றில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறைபாட்டுக்கூறு வந்தாலன்றி நோய் உண்டாகாது. எனவே மருமகளைப் பழிப்பது அறமும் அன்று, அறிவும் அன்று. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 திருமணங்கள் உறவுக்குள் நிகழ்ந்தவை. இத்தகைய நோய்களின் வாய்ப்பு அங்குச் சற்று மிகுதி. இதனை அறிந்திருப்பது அச்சத்திற்கன்று, விழிப்பிற்கே.

கொடையாளர் கடைப்பிடிக்க வேண்டிய நெறி இன்னொன்றும் உண்டு. சோதனை முடிவு பெற்றோருக்கும் மருத்துவருக்கும் மட்டுமே உரியது. உதவி பெற்ற குழந்தையின் பெயரையும் படத்தையும் மலரிலோ மேடையிலோ வெளியிட்டால், பின்னாளில் திருமணப் பேச்சின்போது அதுவே அக்குழந்தைக்குத் தீங்காக முடியும். இக்கொடையின் பயன், நோயே அறியாதவர் போல் வளரும் பிள்ளை. அப்பிள்ளையைச் சுட்டிக்காட்ட இயலாது என்பதை ஏற்றுக்கொண்டு வழங்குவதே இதற்குரிய கொடை. முதலில் தைராய்டு ஒன்றற்கு, கொடுமுடி வட்டாரத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் என்று தொடங்கினால் போதும். ஏனையவை படிப்படியாகச் சேரும்.