துணித்திரையில் படியும் நீர்க்கறை



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை சித்தூர்ச் சீமைக்கு உயிர் போன்றது. பங்காருபாளையத்தின் மாந்தோப்புகளும் ஏரிகளும் அதனை எதிர்பார்த்தே நிற்கின்றன. ஆனால், நிலத்திற்கு நலம் செய்யும் அதே மழை, ஓட்டின் இடுக்கு வழியாகவும் சுவரின் ஈரம் வழியாகவும் வீட்டினுள் நுழைந்து, சுவரில் தொங்கும் துணித்திரையில் பழுப்பு நிறக் கோடு ஒன்றை விட்டுச் செல்கிறது. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் திருப்பதியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பெருமழை பெய்து, வீடுகளுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. அத்தகைய நாள்களில் அரிசியையும் பத்திரங்களையும் காப்பாற்றிய பிறகே துணியின் நினைவு நமக்கு வருகிறது. அதற்குள் கறை உலர்ந்து ஊன்றிவிடுகிறது. அக்கறையின் தன்மை யாது, அதனை நீக்குவது எவ்வாறு, எவ்விடத்தில் நீக்க முயலாதிருப்பதே நன்று என்பனவற்றை இன்று ஆராய்வோம்.

நீருக்கு நிறமில்லை. பின், நீர்பட்ட இடத்தில் நிறம் தோன்றுவது ஏன்? துணியிலேயே தூசி, பழைய கஞ்சி, இழை நாளடைவில் சிதைவதால் உண்டாகும் பழுப்புப் பொருள் ஆகியன கலந்திருக்கின்றன. நீர் அவற்றைக் கரைத்துக்கொண்டு பரவுகிறது. நனைந்த பகுதியின் விளிம்பில் நீர் விரைந்து ஆவியாகிறது. அக்குறையை நிரப்ப நடுவிலிருந்து மேலும் நீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது. தான் சுமந்து வந்ததை அங்கே இறக்கிவிட்டு ஆவியாகிறது. ஆகவேதான் கறையின் நடு வெளுத்தும் ஓரம் கறுத்தும் காண்கிறோம். மேசையில் சிந்திய காப்பித் துளி வளையமாக உலர்வதும் இவ்வாறே. இதனைச் சிகாகோ பல்கலைக்கழக அறிஞர் 1997-இல் விளக்கினர்.

இவ்விளக்கத்தினின்றே மருந்தும் பிறக்கிறது. கறையை மட்டும் ஈரத்துணியால் துடைத்தால், கறை அகலாது; இடம் மாறும். பழைய கோட்டிற்கு வெளியே புதிய கோடு ஒன்று தோன்றும். எனவே, சாயம் போகாத சாதாரணப் பருத்தித் திரையாயின், அதனை முழுவதும் ஒரே சீராக நனைத்தல் வேண்டும். தூசியை முதலில் மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, அகன்ற தொட்டியில் சுத்தமான குளிர்ந்த நீரில் அரைமணி ஊறவைத்து, நீர் மஞ்சளிப்பது நிற்கும்வரை மாற்றி மாற்றி அலச வேண்டும். முறுக்கிப் பிழிதல் கூடாது. வெள்ளைத் துண்டின் மீது விரித்து ஒற்றி, நிழலில் உலர்த்த வேண்டும். கிணற்று நீரில் சுண்ணாம்பு மிகுந்த ஊர்களில், இறுதி அலசலுக்கு வடிகட்டிய மழைநீர் சாலச் சிறந்தது. இல்லையேல், பழுப்புக் கோடு போய் வெண்கோடு வந்து சேரும்.

எதற்கும் முன்னதாகச் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. வெள்ளைத் துணித்துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து, திரையின் மறைவான மூலையில் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அதில் சிறிதேனும் சாயம் ஏறினால், அத்திரையை நனைக்கலாகாது.

கழற்ற இயலாத துணியும் உண்டு. படகுகளின் அறைகளில், பலகையின் மேல் துணியை ஒட்டி உட்சுவரை மூடியிருப்பார்கள். கேரளத்துக் காயல்களில் செல்லும் வீட்டுப் படகாயினும், கடலில் செல்லும் படகாயினும், சன்னலோரத்துக் கசிவே அங்கே முதற்பகை. கசிவை அடைக்காமல் கறையை நீக்குவது வீண் உழைப்பு. அடைத்த பின், கறையை மட்டும் தொடாது, ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரையுள்ள பகுதி முழுவதையும் பிழிந்த பஞ்சினால் சீராக ஈரப்படுத்தி, உலர்ந்த வெள்ளைத் துணியால் உடனுக்குடன் ஒற்றி எடுக்க வேண்டும். தையலே எல்லையாவதால், புதிய விளிம்புக்கோடு கண்ணில் படாது. மிகுதியாக நனைத்தால் பசை விட்டுவிடும். கடல்நீர் பட்டதாயின் நன்னீரால் பலமுறை ஒற்றி உப்பை வெளியேற்ற வேண்டும். உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதால், அது இருக்கும்வரை துணி உலராது, பூஞ்சணமும் நீங்காது.

இனி, நம் பகுதிக்கே உரிய ஒரு துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொன்முகலி என்று தமிழர் வழங்கும் சுவர்ணமுகி ஆற்றங்கரையில் அமைந்த காளத்தி நகரின் கலம்காரியே அது. கோயில் விதானமாகவும், தேர்ச்சீலையாகவும், இன்று வீட்டுச் சுவரின் அழகாகவும் விளங்குவது. காடாத் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துகின்றனர். பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கிறது; கடுக்காயின் துவர்ப்பு மையைப் பற்றிக்கொள்கிறது. இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் பல நாள் ஊறவைத்த கரைசலை மூங்கில் எழுதுகோலால் தீட்டியதும், அது கடுக்காய்த் துவர்ப்புடன் கூடிக் கருமையாகிறது. படிகாரம் இட்ட இடத்தில் செஞ்சாயம் ஏறுகிறது. இடையிடையே ஓடும் நீரில் அலசுகின்றனர். ஓவியர் குருவப்ப செட்டிக்கு 2008-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டமை இக்கலைக்குக் கிடைத்த சிறப்பாகும்.

ஆற்றில் அலசி ஆக்கிய துணிதானே, வீட்டில் அலசினால் என்ன என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் பலர் தவறுகின்றனர். துருக்கறைக்கு எலுமிச்சம்பழச் சாறும் உப்பும் இடுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். வெள்ளை வேட்டிக்கு அது பொருந்தும். கலம்காரியின் கருங்கோடோ இரும்பினாலேயே ஆனது. புளிப்பு பட்டால், கறையோடு கண்ணனின் புருவமும் இராமனின் வில்லும் கரைந்து போகும். சலவைச் சோடாவோ செந்நிறத்தை மாற்றிவிடும். மேலும், இரும்புக் கருமை ஆண்டுகள் செல்லச் செல்ல இழையையே அரிக்கும் இயல்புடையது. பழைய சீலைகளில் கருங்கோடு உள்ள இடமே முதலில் கிழிகிறது. அதனை நனைத்துத் தூக்கினால், தன் கனத்தைத் தானே தாங்காது.

மற்றொன்றையும் கருதுங்கள். கலம்காரியைத் துருப்பிடித்த ஆணியில் மாட்டி, அதில் மழைச்சாரல் படவிட்டால், ஆணியின் இரும்பும் துணியின் கடுக்காயும் சேர்ந்து, ஓவியர் எழுதாத கருமையைத் தாமே எழுதிவிடும். அக்கறையை அழிக்கக்கூடிய எப்பொருளும் ஓவியத்தையும் அழிக்கும். ஆகவே, பழங்கலம்காரியில் கறை விழுந்தால், நிழலில் தட்டையாக விரித்து உலரவிட்டு, அறிந்தவரிடம் காட்டுவதே முறை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-ஆம் ஆண்டிலேயே பழம்பொருள்களைக் காக்கும் வேதியியல் கூடம் தொடங்கப்பட்டது. இத்துறையில் பயின்றவர்கள் துணியை அடியிலிருந்து காற்றால் உறிஞ்சும் மேசையில் கிடத்தி, மேலே சிறிது சிறிதாக நீர் விட்டு, அது பக்கவாட்டில் பரவுமுன் கீழே இழுத்துவிடுகின்றனர். விளிம்பே உண்டாகாதபோது கோடு எங்ஙனம் உண்டாகும்?

வருமுன் காத்தலோ எவர்க்கும் எளிது. திரைக்கும் சுவருக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி விடுங்கள். ஆணிக்குப் பதிலாக மூங்கில் கழியைத் துணியின் மேல்மடிப்பில் செருகித் தொங்கவிடுங்கள். மழைக்காலம் தொடங்குமுன் திரையை இறக்கி, பழைய வெள்ளை வேட்டியை வைத்து உருளையாகச் சுருட்டி, தரையில் படாத உயரத்தில் வையுங்கள். மழை ஓய்ந்ததும் காற்றாட விரித்துப் பாருங்கள்.

புதுத்திரையை விலைக்கு வாங்கிவிடலாம். பாட்டனார் காளத்தியிலிருந்து கொணர்ந்த சீலையை எவ்விலைக்கும் வாங்க இயலாது. அதில் ஓரமாக ஒரு பழுப்புக் கோடு இருப்பது குறையன்று. அதனைத் துடைக்கப்போய் ஓவியத்தை இழப்பதே குறை. எதனைக் கழுவலாம், எதனைக் கழுவலாகாது என்று பகுத்தறிவதே இத்துறையில் முதற்பாடம்.